மதியம் 2 மணிக்கு ஷீட் ஷெட்டில் மர வேலை: சூட்டைக் குறைக்க முதலில் எதில் கை வைப்பது?

ஷெட்_தச்சன் (கேள்வி)

வணக்கம். ஊர் வேலூர். கார் நிறுத்தக் கட்டிய ஷெட்தான் பட்டறை. 10-க்கு 20 அடி, உயரம் 10 அடி. மேலே நீல நிற கலர் ஷீட், கீழே சீலிங் எதுவும் இல்லை. வடக்குச் சுவர் வீட்டோடு ஒட்டியது, தெற்கே 9 அங்குலச் செங்கல் சுவர். மேற்கே ரோலிங் ஷட்டர். கிழக்கே ஒரு சின்ன ஜன்னல், அதற்கு வெளியே வேப்பமரம்.

10 அங்குல டேபிள் சா (மேசை ரம்பம்), திக்னஸர் (பலகையின் கனத்தைச் சீவும் மெஷின்), ரவுட்டர் (காடி எடுக்கும் மெஷின்), பேட்டரி டிரில், 1 எச்.பி. டஸ்ட் கலெக்டர் இருக்கின்றன. ஏப்ரல் பாதியிலிருந்து காலை 11 மணிக்கு மேல் உள்ளே நிற்க முடியவில்லை. பெடஸ்டல் ஃபேன் போட்டால் கொதிக்கிற காற்றையே திருப்பி அடிக்கிறது.

மனுஷன் படுகிற பாடு ஒரு பக்கம். மரமும் பசையும் படுகிற பாடு இன்னொரு பக்கம். ஃபெவிகால் தடவி நாலாவது கிளாம்ப் போடுவதற்குள் முதலில் தடவியது ஆடை கட்டிவிடுகிறது. ஒட்டி வைத்த 18 அங்குல அகலத் தேக்குப் பலகை இரண்டே நாளில் கிண்ணம் மாதிரி வளைந்துவிட்டது. பேட்டரி சார்ஜர் சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டே நிற்கிறது, சார்ஜ் ஏற மறுக்கிறது.

கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. ஏர் கூலரா, பழைய ஏசியா, கூரைக்கு ஏதாவது செய்வதா? எதில் தொடங்கலாம்?

---

கூரைக்கணக்கு

கூரையில் தொடங்குங்கள். கூலர், ஏசி இரண்டையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

உங்களை வாட்டுவது காற்றின் சூடு மட்டும் இல்லை. மே மாத மதியத்தில் அடர் நிற ஷீட் 65 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அது தலைக்கு மேல் 4 அடியில் இருக்கிற தோசைக்கல். அதிலிருந்து இறங்கும் கதிர்வெப்பத்தை ஃபேன் ஒன்றும் செய்ய முடியாது. 200 சதுர அடிக் கூரையிலிருந்து மட்டும் ஏறத்தாழ மூன்றரை கிலோவாட் வெப்பம் உள்ளே இறங்குகிறது. 1 டன் ஏசியின் திறன் மொத்தமே அவ்வளவுதான். அதாவது 1.5 டன் ஏசி மாட்டினால் அதில் 1 டன்னைக் கூரையே தின்றுவிடும். மிச்ச அரை டன்தான் சுவருக்கும் ஷட்டருக்கும் மோட்டாருக்கும் உங்களுக்கும்.

முதலில் அளந்து பாருங்கள். இன்ஃப்ராரெட் துப்பாக்கித் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் பலர் செய்கிற தவறு, பளபளப்பான ஷீட்டின் அடிப்பக்கத்தை நேரே குறிவைப்பது. பளபளக்கும் உலோகம் பொய் சொல்லும், 20 டிகிரி குறைத்தே காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஷீட்டில் ஒட்டி, 10 நிமிடம் விட்டு, அந்த டேப்பைக் குறிவையுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் அதே இடத்தில் அளந்தால்தான் செலவு செய்த காசுக்குப் பலன் உண்டா என்று தெரியும்.

அடுத்தது நிழல். ஷீட்டுக்கு மேலே ஓர் அடி இடைவெளி விட்டு 75 அல்லது 90 சதவீத நிழல் வலையை இழுத்துக் கட்டுங்கள். நர்சரிக்காரர்கள் போடும் அதே வலைதான். இடைவெளி கட்டாயம். ஷீட்டின் மேல் அப்படியே விரித்தால் வலையின் சூடு நேரே ஷீட்டுக்குப் போகும், பாதிப் பலன் போச்சு. ஓர் அடி உயரத்தில் இருந்தால் வலை வாங்கிய சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும். சுற்றிலும் ஓரத்தை மடித்துத் தைத்து, 2 அடிக்கு ஒரு வளையம் போட்டு, ஜி.ஐ. கம்பியில் கோத்துக் கட்ட வேண்டும். கோடை மழைக்கு முன்னால் அடிக்கிற காற்று சாதாரணக் கயிற்றுக் கட்டை அறுத்துக்கொண்டு போய்விடும். போகும்போது பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவையும் கூட்டிக்கொண்டு போகும்.

மேற்கு ஷட்டருக்குப் பந்தலை நீட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். மே மாதம் மாலை 4 மணிக்குச் சூரியன் தொடுவானத்திலிருந்து 33 டிகிரி அளவில் சரிந்துவிடும். 7 அடி ஷட்டருக்கு அந்த நேரத்தில் முழு நிழல் விழ 10 அடிக்கு மேல் பந்தல் இழுக்க வேண்டும். அதற்குப் பதில் ஷட்டருக்கு 2 அடி முன்னால் மூங்கில் தட்டியோ அதே வலையோ செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். சுருட்டி ஏற்றுகிற மாதிரி கட்டினால் மரம் இறக்கும்போது தொந்தரவு இல்லை.

பிறகு வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட். அடர் நீலம் 65 டிகிரி காட்டும் நேரத்தில் நல்ல வெள்ளை 50-ஐ ஒட்டி நிற்கும். கலர் ஷீட் வழவழப்பாக இருப்பதால் அப்படியே அடித்தால் இரண்டே மழையில் தோல் உரியும். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாக மங்கவைத்து, பெயிண்ட் கம்பெனி சொல்லும் பிரைமர் ஒன்று, மேலே இரண்டு கோட். காலை 6 முதல் 8 மணிக்குள் முடியுங்கள். மதியச் சூட்டு ஷீட்டில் அடித்தால் மேல்தோல் உடனே காய்ந்து, உள்ளே சிக்கிய ஈரம் குமிழியாக வெடித்து ஊசித்துளை விழும். ஏறும்போது கால் ஸ்க்ரூ வரிசையில், அதாவது அடியில் பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) இருக்கிற கோட்டில் மட்டும். குறுக்கே ஒரு பலகை போட்டு நடப்பது இன்னும் நல்லது. இதைப் படிக்கிறவர்களில் சிமெண்ட் ஷீட் வைத்திருப்பவர்கள் மேலே ஏறவே ஏறாதீர்கள், உலர வைத்துத் தேய்க்கவும் வேண்டாம். அது திடீரென்று உடையும், அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

மூன்றாவது, உள்பக்கம் கதிர்வெப்பத்தைத் தடுக்கும் பளபளப்பான ஃபாயில். பர்லினுக்குக் கீழே, ஷீட்டைத் தொடாமல் குறைந்தது ஓர் அங்குல இடைவெளியில். பளபளப்பு முகம் கீழே பார்க்க இருக்கட்டும். மரத்தூள் எப்போதும் மேல்முகத்தில்தான் படியும், தூசு படிந்த ஃபாயில் வெறும் காகிதம். கீழ்முகம் சுத்தமாக இருக்கும்வரை அது வேலை செய்யும். ஆனால் மரப் பட்டறையில் தெர்மாகோல் சீலிங் வேண்டவே வேண்டாம். ஃபோம் ஒட்டிய ஃபாயிலும் கிரைண்டர் பொறி பறக்கிற மூலையில் கூடாது. அது உருகி, எரிந்துகொண்டே சொட்டும். அந்த மூலைக்கு 50 மி.மீ. ராக்வூலும் (தீப்பிடிக்காத கல் இழைப் பஞ்சு) அதன் கீழ் ஜிப்சம் போர்டும் போடுங்கள்.

கடைசியாகக் காற்று. உங்கள் ஷெட் 2,000 கன அடி. மணிக்கு 30 முறை காற்று மாற வேண்டும் என்று வைத்தால் 1,000 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) வேண்டும். பெட்டியில் பெரும்பாலும் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள், அதை 0.59-ஆல் பெருக்கினால் சி.எஃப்.எம். 1,700 கன மீட்டர் போட்டிருந்தால் சரியாக இருக்கும். தெற்குச் சுவரில், மேற்கு மூலைக்குப் பக்கத்தில், எவ்வளவு உயரமாக முடியுமோ அவ்வளவு உயரத்தில் எக்ஸாஸ்ட் வையுங்கள். காற்று நுழைய வேண்டிய வழி அந்த வேப்பமர ஜன்னல். திறப்பு குறைந்தது 3 சதுர அடி இருக்கட்டும், முடிந்தால் தரை மட்டத்துக்கு இறக்குங்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் மட்டும் போட்டால், ஃபேன் சத்தம் போடும், காற்று நகராது. எக்ஸாஸ்ட் ஓடும்போது ஷட்டரைப் பாதி திறந்து வைப்பதும் வீண். காற்று குறுக்கு வழியில் ஷட்டரிலிருந்து ஃபேனுக்கு ஓடிவிடும், நீங்கள் நிற்கும் இடம் அப்படியே வேகும்.

உங்கள் 25,000-ஐ இந்த வரிசையில் செலவழியுங்கள். வலை, எக்ஸாஸ்ட், பெயிண்ட். ஃபாயில் அடுத்த வருடம்கூட இருக்கட்டும்.

---

கழுந்து

மேல சொன்னது எல்லாம் சரி. நான் மரத்தைப் பத்திச் சொல்றேன், தம்பி.

தேக்கு வளைஞ்சதுக்குச் சூடு காரணம் இல்ல, ஈரம் ஒரு பக்கமா போனதுதான் காரணம். ஒட்டி முடிச்சு டேபிள் மேல படுக்கப் போட்டிருப்பீங்க. அடிப்பக்கம் டேபிளோட ஒட்டிக் கிடக்கும், மேல்பக்கம் ஃபேன் காத்து வாங்கும். மேல்முகம் முதல்ல காஞ்சு சுருங்கும், பலகை மேல பார்த்துக் கிண்ணமாகும். திருப்பிப் போட்டு ஒரு ராத்திரி விடுங்க. பாதிக்கு மேல தானா நேராகும். உடனே இழைப்புளி எடுத்துச் சமம் பண்ணிடாதீங்க. பண்ணினீங்கன்னா ஈரம் சமமானதும் எதிர்ப்பக்கம் வளையும். அப்புறம் இழைக்க மரம் மிச்சம் இருக்காது.

அடுக்குற முறை இதுதான். ஒவ்வொரு பலகைக்கு நடுவுலயும் ஒரே கனத்துல, முக்கால் அங்குல ரீப்பர், ஒன்றரை அடிக்கு ஒண்ணு. மேல இருக்கிற ரீப்பர் கீழ இருக்கிறதுக்கு நேர் மேல வரணும், தள்ளி வச்சா அந்த இடத்துல பலகை தொங்கும். மேற்கு ஷட்டர் பக்கம் சாய்ச்சு வைக்கவே கூடாது. வெட்டுமுனை ரெண்டுலயும் பழைய பெயிண்டோ மெழுகோ தடவுங்க. மரம் பக்கவாட்டுல விடுறதைவிட முனையில பல மடங்கு வேகமா ஈரத்தை விடும், வெடிப்பு எல்லாம் அங்கதான் ஆரம்பிக்கும். ராத்திரி வேலை பாதியில நின்னா ஒட்டின பலகையை பிளாஸ்டிக் தாள்ல ரெண்டு பக்கமும் மூடிட்டுப் போங்க.

இப்ப கணக்கு. வேலூர்ல மே மாசம் மரத்துல ஈரம் 7 சதவீதம் பக்கம் இறங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில 13, 14-க்கு ஏறும். 6 சதவீத வித்தியாசம். மரத்தோட ஆண்டு வளையத்தின் போக்குலயே அகலம் வர்ற மாதிரி அறுத்த தேக்கு, ஒரு சதவீத ஈரத்துக்கு அகலத்துல 0.186 சதவீதம் மாறும். உங்க 18 அங்குலப் பலகை, அதாவது 450 மி.மீ., மழைக்காலத்துல 5 மி.மீ. விரியும். அதைச் சட்டத்துல நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கினா சட்டத்தோட கழுந்தையே, அதாவது துளையில செருகின முனையையே, பிடுங்கிரும். டேபிள் டாப்பை அடிச்சட்டத்துல நீள்துளை போட்டு ஸ்க்ரூ பண்ணுங்க. நடு ஸ்க்ரூ மட்டும் வட்டத்துளை, ரெண்டு ஓரத்துலயும் நீளத்துளை. கதவுப் பேனலா இருந்தா, மே மாசம் செய்யுறப்ப காடியில, அதாவது பேனல் உக்கார்ற பள்ளத்துல, ரெண்டு பக்கமும் இடம் விடணும். 300 மி.மீ. பேனலுக்குப் பக்கத்துக்கு 2 மி.மீ. விடுங்க. அதே பேனலை நவம்பர்ல செஞ்சா இறுக்கமா வைக்கலாம், அப்ப அது விரிஞ்சுதான் இருக்கும். கோடையில இறுக்கமா செஞ்ச கதவுதான் தீபாவளிக்குச் சாத்த முடியாம நிக்கும்.

ஃபெவிகால் விஷயம். ஆடை கட்டிருச்சான்னு கண்ணுல பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாது, விரலை வச்சு இழுங்க. வெண்ணெய் மாதிரி வழுக்கிப் பரவினா நல்ல பசை. தோல் மாதிரி சுருங்கி விரலோட வந்துச்சுன்னா அது செத்த பசை. அது மேல கிளாம்ப் போட்டா ஒட்டின மாதிரிதான் இருக்கும், தட்டினா கையோட வரும். சுரண்டி எடுத்துட்டு மறுபடி தடவணும், வேற வழி இல்ல.

அது வராம இருக்க, பசை டப்பாவை வீட்டுக்குள்ள வைங்க. பலகையையும் முந்தின ராத்திரியே வீட்டுக்குள்ள கொண்டுபோங்க. 42 டிகிரி பலகையில எந்தப் பசையும் நிக்காது. கிளாம்பை எல்லாம் முதல்ல பசை இல்லாம போட்டுப் பார்த்து, அகலம் சரி பண்ணி, வரிசையா தரையில படுக்க வைங்க. ஆறு பலகையை ஒரே மூச்சுல ஒட்டாதீங்க. மூணு மூணா ஒட்டி, மறுநாள் ரெண்டையும் சேருங்க. அப்ப ஒரு தடவைக்கு ரெண்டு மூட்டுதான், அஞ்சு இல்ல. பிரஷ் வேண்டாம், சின்ன ரோலர் வேகமா போகும். ரெண்டு முகத்துலயும் தடவுங்க, காஞ்ச மரம் ஒரு முகப் பசையை உறிஞ்சிக் குடிச்சிரும். இறுக்கினதும் மூட்டு முழுக்க சின்னச் சின்ன முத்தா பசை வெளிய வரணும். வராத இடம் பட்டினி கிடக்குதுன்னு அர்த்தம். தண்ணி கலந்து இளக்குறேன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

கூலரைப் பத்தி ஒரே வார்த்தை. பட்டறைக்குள்ள கூலர் கூடாது. மரத்துக்கும் ஆகாது, இரும்புக்கும் ஆகாது.

---

ஓம்_விதி

கழுந்து அண்ணனோடு கூலர் விஷயத்தில் முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. பிறகு வருகிறேன், முதலில் கரன்ட்.

சார்ஜர் பழுது இல்லை. லித்தியம் பேட்டரி ஏறத்தாழ 40, 45 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் சார்ஜர் ஏற்றாது. அது பாதுகாப்புக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். எந்த மினுக்கல் என்ன அர்த்தம் என்பது கூடவே வந்த கையேட்டில் இருக்கும். டிரில் ஓடி முடித்த சூட்டோடு செருகாமல் அரை மணி நேரம் வீட்டுத் தரையில் வையுங்கள். சார்ஜரையே வீட்டுக்குள் மாற்றிவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து ஆற்றுகிற வேலை வேண்டாம், வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோக்கும். முழு சார்ஜோடு சூட்டில் மாதக்கணக்கில் கிடப்பதுதான் பேட்டரிக்குப் பெரிய சாபம்.

எக்ஸ்டென்ஷன் வயர் என்ன சைஸ் என்று பாருங்கள். கடையில் சும்மா கேட்டால் 1 சதுர மி.மீ. வயரைத்தான் கட்டிக் கொடுப்பார்கள். 20 மீட்டர் நீளம் என்றால் போக வர 40 மீட்டர், மின்தடை 0.78 ஓம். டேபிள் சா 10 ஆம்பியர் இழுத்தால் வயரிலேயே கிட்டத்தட்ட 8 வோல்ட் காலி. மோட்டார் கிளம்பும் நொடியில் 50 ஆம்பியர் என்று வைத்தால் 39 வோல்ட். எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் மே மாத மாலையில் லைனே 200-க்கு இறங்கியிருக்கும். மோட்டாருக்கு மிஞ்சுவது 160. முனகிக்கொண்டே கிளம்பும், கிளம்புவதற்குள் மோட்டாரின் காயில் (கம்பிச் சுருள்) வெந்துவிடும். 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு பாதிக்கும் கீழே. இன்னொன்று, வயரை ரீலில் சுற்றி வைத்தபடியே ஓட்டாதீர்கள். அந்த 1 சதுர மி.மீ. வயர் 78 வாட் வெப்பத்தைக் கக்கும், 60 வாட் குண்டு பல்பைவிட அதிகம். சுருளுக்குள் அது போக இடம் இல்லை, தோல் உருகி ஷார்ட் ஆகும். முழுக்கப் பிரித்துப் போடுங்கள்.

பெரும்பாலான மோட்டார்கள் 40 டிகிரி சுற்றுப்புறத்துக்குத்தான் கணக்குப் போட்டுச் செய்யப்பட்டவை. உங்கள் ஷெட் மதியம் அதைத் தாண்டுகிறது. திக்னஸரில் ஒரே பாஸில் 2 மி.மீ. எடுக்காதீர்கள், அரை மில்லியாக நான்கு பாஸ் ஓட்டுங்கள். கனமான வெட்டு முடிந்ததும் ரவுட்டரையும் கிரைண்டரையும் உடனே ஆஃப் செய்யாமல் அரை நிமிடம் சும்மா சுற்றவிடுங்கள், உள்ளே இருக்கும் விசிறி காயிலை ஆற்றும். வாரம் ஒருமுறை காற்றுத்துளைகளில் ப்ளோயர் அடியுங்கள். வேர்த்த கையோடு ஒட்டிய மரத்தூள் அங்கே பசை மாதிரி அப்பிக்கொள்ளும்.

உயிர் விஷயம். இரும்பு ஷெட், வேர்வை ஈரம், வெறுங்கால். மூன்றும் சேர்ந்தால் சின்ன லீக்கேஜ் போதும். ஷெட் லைனுக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டுங்கள், மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஷெட்டின் இரும்புச் சட்டத்தையும் எர்த்தில் சேருங்கள். கூரையில் தண்ணீர் தெளிக்கிற பழக்கம் இருந்தால் எக்ஸாஸ்ட் வயர் நுழைகிற துளையைச் சீல் செய்யாமல் ஆரம்பிக்காதீர்கள்.

இப்போது கூலர். ஊரைப் பொறுத்தது. வேலூர் மதியம் 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் நனைகுமிழ் வெப்பநிலை, அதாவது தண்ணீர் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கக்கூடிய எல்லை, 26. சுமாரான கூலர்கூட 30 டிகிரிக் காற்றைக் கொடுக்கும். 10 டிகிரி லாபம். சென்னையில் 37 டிகிரி, 60 சதவீதம் என்றால் நனைகுமிழே 30, கூலர் கொடுப்பது 32 டிகிரி, அதுவும் சொட்டச் சொட்ட ஈரம். அங்கே வாங்குவது தண்டம். வேலூரில் மனுஷனுக்கு அது நிஜமாகவே உதவும். தினம் 3 மணி நேரம் ஓடினால் ஓர் அங்குலப் பலகை விரிந்துவிடாது, ஈரம் மேல்தோலைத்தான் தொடும். வெனீரும் 6 மி.மீ. மெல்லிய பலகையும் இருந்தால் அன்று போடாதீர்கள். கூலரை ஜன்னலுக்கு வெளியே வைத்து உள்ளே ஊதவிட வேண்டும், எக்ஸாஸ்ட் கட்டாயம் ஓட வேண்டும். அறைக்குள் வைத்து அதே காற்றைச் சுற்றவிட்டால் அரை மணியில் புழுக்கம்தான் மிஞ்சும். வேலை முடிய அரை மணி முன்னால் பம்பை நிறுத்தி, எக்ஸாஸ்ட்டால் உலர்த்திவிட்டுப் பூட்டுங்கள்.

---

ஷெட்_தச்சன்

டேப் ஒட்டி அளந்தேன். மதியம் 1.30-க்கு ஷீட் 66, உள்ளே காற்று 43. எக்ஸ்டென்ஷன் 1 சதுர மி.மீ.தான், தோலிலேயே அச்சடித்திருக்கிறது. வலையும் வயரும் இந்த வாரம்.

இரண்டு கேள்வி. டேபிள் சா மேல்தகட்டில் வேர்வை சொட்டிய இடமெல்லாம் மறுநாள் துருப்புள்ளி. கருவேலச் சட்டத்தில் என் கை பட்ட இடத்தில் கறுப்பாகக் கறை வேறு. அப்புறம், அடுத்த வாரம் ஒரு அலமாரிக்குப் பாலிஷ் போட வேண்டும், இந்தச் சூட்டில் போடலாமா?

---

பாலிஷ்_டப்பா

துருப்புள்ளி புதுசாக இருந்தால் 400 நம்பர் உப்புத்தாளில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஒரே திசையில் தேயுங்கள். துடைத்துவிட்டு மெழுகு தேய்த்து, காய்ந்ததும் துணியால் பளபளப்பாக்குங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. சிலிக்கான் கலந்த கார் பாலிஷ் கூடாது, அது மரத்தில் ஒட்டிக்கொண்டு பாலிஷ் போடும்போது மீன்கண் மாதிரி குழி விழும்.

கருவேலத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். வேர்வையோடு இரும்புத் துகள் சேர்ந்தால் மை மாதிரி கறுக்கும். சுரண்டாதீர்கள், ஆக்ஸாலிக் அமிலம் போதும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் கரைத்து, கையுறையோடு, கறை மட்டுமல்ல, அந்த முகம் முழுக்கத் தடவுங்கள். கறையில் மட்டும் தடவினால் வெளுத்த திட்டு தெரியும். அரை மணி கழித்துத் தண்ணீரால் இரண்டு முறை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மிச்சம் நின்ற அமிலத் தூசு மூக்கில் ஏறினால் எரியும், மாஸ்க் இல்லாமல் பிறகு தேய்க்காதீர்கள்.

பாலிஷ் காலை 6 முதல் 9 வரை. அரக்குப் பாலிஷ் இந்தச் சூட்டில் துணி நகர்வதற்குள் காய்ந்து வரிவரியாக நிற்கும். கலவையை வழக்கத்தைவிட நீர்க்கச் செய்து, கோட் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் ஸ்பிரே செய்தால் துளி காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக உட்காரும், மெதுவாகக் காய்கிற தின்னர் கேட்டு வாங்குங்கள். கூலர் ஓடுகிற அன்று இரண்டுமே வேண்டாம், ஈரம் சிக்கி வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகும்.

ஸ்பிரே அடிக்கும்போது அந்தச் சாதாரண எக்ஸாஸ்டை ஓட்டாதீர்கள். மோட்டார் காற்றோட்டத்துக்கு நடுவிலேயே இருக்கிறது, ஒரு பொறி போதும். தின்னர் டப்பா ஷெட்டில் தங்கவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால் அது காற்றோடு வினைபுரிந்து தானே சூடேறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 43 டிகிரி ஷெட்டில் இன்னும் சீக்கிரம். தண்ணீரில் நனைத்து, வெளியே கம்பி வேலியில் ஒற்றைப் படலமாக விரித்து, விறைக்கக் காய்ந்த பிறகு எறியுங்கள்.

---

கழுந்து

ஓம் விதி தம்பி சொன்ன மாதிரி வெளிய வச்சு ஊதவிட்டா கூலருக்கு ஒத்துக்குறேன். வேப்பமர ஜன்னல்லயே வைக்கலாம்.

ஒண்ணு விட்டுப்போச்சு. சூடா இருக்குன்னு தோள்ல துண்டு போட்டுக்கிட்டு, லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மெஷின்ல நிக்காதீங்க. பிளேடு துண்டு நுனியைப் பிடிச்சா கழுத்தோட இழுக்கும். துண்டை ஆணியில மாட்டுங்க, வேர்வையை நெத்திப் பட்டையால தடுங்க. அரைக்கை பனியன், கால்சட்டை, ஷூ. கையுறை சுத்துற பிளேடு பக்கத்துல கூடாது. வேர்த்த கையில மரம் வழுக்கும், அதனால தள்ளுகட்டையோட பிடியில உப்புத்தாள் ஒட்டி வைங்க.

நேரத்தைப் பிரிச்சுக்குங்க. அஞ்சரையில இருந்து ஏழரை வரைக்கும் சத்தம் இல்லாத வேலை. உளி, இழைப்புளி, பசை. ஏழரைக்கு மேல பத்து வரைக்கும் மெஷின், பக்கத்து வீட்டுக்காரரும் எழுந்திருப்பார். பதினொண்ணுல இருந்து நாலு வரைக்கும் வீட்டுக்குள்ள உளி தீட்டுறது, அளவு எடுக்குறது. ஷீட் கூரையில ஒரு நல்லது, பொழுது சாஞ்சு அரை மணியில ஆறிரும். கான்கிரீட்டு ராத்திரி பத்து வரைக்கும் கக்கும். அதனால சாயங்காலம் ஆறரைக்கு மேல உங்களுக்குத் தாராளமா கிடைக்கும்.

---

கூரைக்கணக்கு

66 டிகிரி எதிர்பார்த்ததுதான். வலை கட்டிய பிறகு அதே டேப்பை அதே நேரத்தில் அளந்து போடுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.

தண்ணீர் விஷயம் யாரும் சொல்லவில்லை. தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், 250 மில்லி. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போக வேண்டாம், உப்பு நீர்த்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேர்த்தால் வெறும் தண்ணீர் போதாது. உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ஓ.ஆர்.எஸ். என்றால் பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கரையுங்கள், பாதி பாதியாக வேண்டாம்.

தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் அன்றைய வேலை முடிந்தது. வேப்பமரத்தடிக்கு வந்து உட்காருங்கள். பேச்சு குழறினாலோ சம்பந்தம் இல்லாமல் பேசினாலோ அது வேறு கதை. உடனே 108. வண்டி வரும்வரை துணி தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும், நினைவு தப்பியவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. அதனால்தான் மதியம் ஷட்டரைச் சாத்திக்கொண்டு தனியாக மெஷின் ஓட்டக் கூடாது. வீட்டில் ஒருவருக்காவது நீங்கள் உள்ளே இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

---

ஷெட்_தச்சன்

வலை கட்டியாச்சு. 90 சதவீதம், ஓர் அடி இடைவெளி, ஷட்டர் முன்னால் மூங்கில் தட்டி. இன்று 1.30-க்கு டேப் 51, உள்ளே காற்று 40. எக்ஸாஸ்ட் இன்னும் வரவில்லை. தேக்குப் பலகையைத் திருப்பிப் போட்டதில் முக்கால்வாசி நேராகிவிட்டது, இழைப்புளியைத் தொடவில்லை.